ஆறாத கால் புண்: மஞ்சள் பத்திலிருந்து மாவுக்கட்டு வரை!

பெரியம்மாதான் முதலில் பார்த்தார். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தவர், சிமெண்டுத் தரையில் நாலணாக் காசு அளவுக்கு அங்கங்கே சிவப்புக் கறையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஏங்க... வெத்தலை எச்சியைத் தரையிலயா துப்பி வச்சீங்க?"

"நான் எங்க துப்புனேன்? காலையிலிருந்து வாயில ஒண்ணும் போடல."

கறை கொல்லைப்புறத்தில் ஆரம்பித்து, அடுப்படி வழியாக வந்து, பெரியப்பா உட்கார்ந்திருந்த கட்டிலில் முடிந்தது. காலைத் தூக்கிப் பார்த்தால்... வலது உள்ளங்காலில், இரண்டாவது விரலுக்குக் கீழே ஒரு துண்டுக் கம்பி! திராட்சைப் பந்தலுக்குக் கட்டும் கம்பியின் நறுக்கு. முந்தின நாள் தோட்டத்தில் கவாத்து வேலை. அப்போது ஏறியிருக்க வேண்டும். அதோடு வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்துவிட்டார் மனிதர்.

"இது எப்பங்க குத்துச்சு?"

"தெரியலையே!" என்றார் பெரியப்பா. கம்பியைப் பிடுங்கித் தூர எறிந்தார். "ஒண்ணுமில்ல, நாலு நாள்ல ஆறிப்போகும்."

2018 ஆடி மாசம் நடந்தது இது. சின்னமனூர்ப் பக்கம் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் திராட்சை, கொஞ்சம் வாழை. பெரியப்பாவுக்கு அப்போதே பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. நாலு நாளில் ஆறும் என்ற அந்தப் புண் எட்டு மாசத்துக்கு மேல் எங்கள் வீட்டை ஆட்டிவைத்தது. ஒரு விரலையும் வாங்கிக்கொண்டு போனது. அந்த எட்டு மாசத்தில் என்னென்ன மருந்து, என்னென்ன கட்டு! எது எதற்கு உதவும், எது காசைக் கரைக்கும் என்று அன்றைக்கு யாராவது உட்கார்ந்து சொல்லியிருந்தால் அந்த விரல் தப்பித்திருக்கும் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

வலிக்கவில்லையே, அதுதான் வியாதி!

வருஷக்கணக்கில் ரத்தத்தில் சர்க்கரை ஏறியே இருந்தால் கால் நரம்புகள் மெல்ல மெல்ல மரத்துப்போகின்றன. முதலில் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, பஞ்சு மேல் நடப்பது போன்ற மதமதப்பு. கடைசியில் ஒன்றுமே தெரியாது. "எரிச்சல் நின்னுபோச்சு, சரியாயிடுச்சு" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. பல சமயம் அது சரியானதற்கு அடையாளம் இல்லை. நரம்பு ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

கூடவே இன்னும் இரண்டு சங்கடங்கள். பாதத்தில் வியர்வை வற்றித் தோல் காய்ந்து வெடிக்கிறது. காலுக்குப் போகும் ரத்தக் குழாய்களும் குறுகிப்போகலாம். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெரிய ஆய்வு, நாட்டில் சுமார் பத்து கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கும் மேல். சர்க்கரை நோயாளிகளில் ஐந்தில் ஒருவருக்கு, ஏன் மூன்றில் ஒருவருக்குக்கூட, வாழ்நாளில் ஒரு தடவையாவது காலில் புண் வரலாம் என்பது உலக அளவிலான மதிப்பீடு.

இதில் நம் கம்பம் பள்ளத்தாக்குக்கு என்று சில சிறப்புகள் வேறு! தோட்டத்துக்குள் செருப்பில்லாமல் நடப்பதே மரியாதை என்று நினைக்கும் தலைமுறை இன்னும் இருக்கிறது. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. கொதிக்கும் தார் ரோட்டில் வெறுங்காலோடு அக்கினிச் சட்டி. கார்த்திகை பிறந்தால் கூடலூர், லோயர் கேம்ப், குமுளி வழியாகச் சபரிமலைக்கு நடைப்பயணம், அதுவும் வெறுங்காலில். நேர்த்திக்கடனைக் குறை சொல்லவில்லை. ஆனால் உணர்ச்சி செத்த பாதம், ரோட்டின் சூட்டைச் சொல்லாது. சாயங்காலம் பார்க்கும்போதுதான் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம் தெரியும். கால் மரத்த சர்க்கரைக்காரர்கள் அம்மனிடம் வேறு வேண்டுதல் பேசி முடித்துக்கொள்வதே நல்லது.

கைவைத்தியம்: மஞ்சள், மூக்குத்திப் பூ, மயில்துத்தம்

முதல் மூன்று வாரம் எங்கள் வீட்டில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பத்து. அப்புறம் வரப்போரத்தில் முளைத்திருக்கும் வெட்டுக்காயப் பூண்டு. மூக்குத்திப் பூ என்றும் சொல்வார்கள். இலையைக் கசக்கிப் பிழிந்து விட்டால் அரிவாள் வெட்டு ஆறும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். உண்மையாகவே சின்ன வெட்டுக்காயம் ஆறும். எதற்கு? நல்ல ரத்த ஓட்டமும் சுரணையும் உள்ள காலில் ஏற்பட்ட புதுக்காயத்துக்கு. அது மருந்து இல்லாமலும் ஆறக்கூடிய காயம்தான் பெரும்பாலும்! சர்க்கரைக்காரரின் உள்ளங்கால் புண் வேறு ஜாதி. அரைத்த பச்சிலையில் அம்மி அழுக்கும் மண்ணும் கலந்திருக்கும். அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டால் சீழ்தான்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர், "மயில்துத்தத்தைக் கரைச்சு ஊத்துண்ணே, புழு பூச்சி அண்டாது" என்றார். திராட்சைக்கு நோய் வராமல் சுண்ணாம்போடு கலந்து அடிக்கிறோமே, அதே மயில்துத்தம். சித்த வைத்தியத்தில் ஊமத்தை இலைச்சாறும் தேங்காய் எண்ணெயும் துருசும் சேர்த்துக் காய்ச்சும் மத்தன் தைலம் புண்ணுக்குப் போடப்படுவது உண்மை. துருசு என்பது இந்த மயில்துத்தம்தான். ஆனால் முறைப்படி காய்ச்சிய தைலத்தை, புண்ணின் ஆழம் பார்த்து, படித்த சித்த மருத்துவர் போடுவது ஒன்று. உர மூட்டைப் பக்கத்தில் கிடக்கும் பொட்டலத்தைக் கரைத்துக் காலில் ஊற்றுவது வேறொன்று. பின்னது தசையை அரித்துவிடும். நல்லவேளை, பெரியம்மா அந்தப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் காலை முக்கி வைப்பதும் இப்படித்தான். சூடு தெரியாத கால், வெந்துபோனதும் தெரியாது.

நுரை வந்தால் சுத்தமா?

ஒரு மாசம் கழித்து ஒரு கிளினிக். அங்கே தினமும் புண்ணில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுவார்கள். புஸ்ஸென்று நுரைக்கும். "பாருங்க, கிருமியெல்லாம் எப்படிப் பொங்கி வருது!" என்று பெரியப்பா எங்களுக்கு விளக்கவுரை கொடுப்பார். அந்த நுரை, ரத்தத்திலும் தசையிலும் இருக்கும் ஒரு என்சைம் பெராக்சைடைப் பிரிப்பதால் வருவது. கிருமியே இல்லாத ரத்தத்தில் ஊற்றினாலும் நுரைக்கும். அது மட்டுமல்ல, ஆறுவதற்காகப் புதிதாக முளைத்து வரும் செல்களையும் அது சேர்த்துக் கொல்கிறது. அந்தக் காலத்து ஆஸ்பத்திரிகளில் புகழ்பெற்றிருந்த யூசால் திரவத்தின் கதையும் இதே. நாற்று நட்ட வயலில் களைக்கொல்லியைத் தினம் தெளிப்பது மாதிரி.

பழுப்பு நிற அயோடின் மருந்து? கிருமித் தொற்று உள்ள அழுக்குப் புண்ணில் டாக்டர் சில நாட்கள் போடச் சொல்லலாம். ஆனால் மாசக்கணக்கில் தினமும் தோய்த்துக் கட்டினால் புண் வேகமாக ஆறும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சர்க்கரைப் பாதத்துக்கான சர்வதேச நிபுணர் குழு 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், புண்ணை ஆற்றுவதற்காக என்று கிருமிநாசினிக் கட்டுகளைப் போட வேண்டாம் என்றே சொல்கிறது.

பின் எதால்தான் கழுவுவது? ஆச்சரியப்படுவீர்கள்: சாதாரண சலைன். அது இல்லாவிட்டால் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர். அவ்வளவுதான்.

விலை ஏறினால் வேகம் ஏறுமா?

மூன்றாவது மாசம் பெரியப்பாவின் மகன் கோயம்புத்தூரிலிருந்து வந்தான். "இன்னும் காஸ் துணியையே சுத்திக்கிட்டு இருக்கீங்களே" என்று சண்டை. உடனே காரில் ஏற்றி ஒரு தனியார் மருத்துவமனை. அங்கே விதவிதமான அட்டைப் பெட்டிகள். கொலாஜன் தாள், வெள்ளிச் சத்து கலந்த கட்டு, கடற்பாசியிலிருந்து எடுத்த ஆல்ஜினேட், ஸ்பான்ஞ் மாதிரி ஃபோம், ஜெல். சாதாரண காஸ் சில ரூபாய் என்றால் இவை நூறுகளில், சில ஆயிரங்களில்.

இவை மோசடி இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நீர் வடிந்துகொண்டே இருக்கும் புண்ணுக்கு ஆல்ஜினேட்டும் ஃபோமும் ஈரத்தை உறிஞ்சும். தினமும் பிரிக்க வேண்டியதில்லை. காய்ந்த புண்ணுக்கு ஜெல் ஈரம் கொடுக்கும். புண் ஆற, நசநசவென்று இல்லாமல், காய்ந்து பொருக்குத் தட்டாமல், மிதமான ஈரம் வேண்டும். "காத்தாடத் திறந்து போடு, காஞ்சு ஆறும்" என்பது பழைய நம்பிக்கை. இன்றைய மருத்துவம் அதை ஏற்கவில்லை.

ஆனால் கேள்வி, இதில் எது சீக்கிரம் ஆற்றும் என்பதுதானே? இதுவரை நடந்த சோதனைகளையெல்லாம் ஒன்றாக வைத்து அலசிய காக்ரேன் ஆய்வாளர்கள் 2015-ல் சொன்னது: இந்தக் கட்டு அந்தக் கட்டைவிட மேல் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை. விலையையும் வசதியையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். 2023 வழிகாட்டுதல் இன்னும் கறார். ஆற்றுவதற்காகக் கொலாஜன், ஆல்ஜினேட், தேன் எதையும் போட வேண்டாம் என்கிறது.

தேன் என்றதும் உங்களுக்கு மேகமலைத் தேன் ஞாபகம் வரும். எங்களுக்கும் வந்தது! மருத்துவத்துக்கென்று கிருமி நீக்கிய தேன் தனி. பாட்டிலில் வாங்கும் தேனில் நுண்ணுயிர்களின் விதைகள் இருக்கலாம். சாப்பிடுகிறவருக்கு ஒன்றும் செய்யாதது, ஆழமான புண்ணுக்குள் போனால் விபரீதம்.

ஒரே ஒரு கட்டுக்குத்தான் அந்தக் குழு பச்சைக்கொடி காட்டுகிறது. வேடிக்கையைப் பாருங்கள், அதன் பெயரில் சர்க்கரை! சுக்ரோஸ் ஆக்டாசல்ஃபேட் என்ற பொருள் தோய்த்த கட்டு. கிருமித் தொற்று இல்லாத, ரத்த ஓட்டம் சற்றுக் குறைந்த, வழக்கமான சிகிச்சைக்கு மசியாத புண்களில் ஐரோப்பாவில் 240 பேரிடம் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். 20 வாரத்தில் இந்தக் கட்டுப் போட்டவர்களில் நூற்றுக்கு 48 பேருக்கும், மருந்தில்லாத கட்டுப் போட்டவர்களில் 30 பேருக்கும் புண் மூடியது. இதைப் படித்துவிட்டு யாரும் சீனி டப்பாவைத் திறந்துவிட வேண்டாம். அது வேறு, இது வேறு.

"இங்கே எப்படி வந்தீங்க?"

நாலாவது மாசக் கடைசியில் இரண்டாம் விரல் சாம்பலும் கறுப்புமாக மாறியது. வாடை. குளிர் ஜுரம். அப்போதும் வலி இல்லை. மதுரைக்குக் கொண்டு போனோம். அங்கே பரிசோதித்த டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மருந்துச் சீட்டுகளைப் புரட்டாமல் ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, இங்கே எப்படி வந்தீங்க?"

"கார்ல வந்தோம். வாசல்லேர்ந்து நடந்துதான்."

"வீட்ல?"

"சும்மா அங்க இங்க. தோட்டத்துக்கு ஒரு நடை. தண்ணி திருப்ப ஆளில்லையே..."

"அப்ப நாலு மாசமா இந்தப் புண்ணு மேலதான் நடந்துக்கிட்டிருக்கீங்க!"

எங்களுக்கு யாருக்கும் இது தோன்றவில்லை. கொலாஜன் போட்டோம், வெள்ளி போட்டோம், அதன் மேல் எழுபது கிலோ மனிதரை நிறுத்தினோம். வலி இருந்தால் நொண்டியிருப்பார். காலைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். வலி இல்லை என்பதால் கம்பீரமாக நடந்தார்.

இந்த உண்மையை உலகத்துக்குச் சொன்னதில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். லண்டனில் சர்ஜரி படித்து 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயில் கை கால் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்றே அப்போது எல்லோரும் நம்பினார்கள். பிராண்ட் கவனித்துப் பார்த்தார். அழுகவில்லை, உணர்ச்சி இல்லாததால் சுட்டுக்கொள்கிறார்கள், குத்திக்கொள்கிறார்கள், புண்ணின் மேலேயே நடக்கிறார்கள். ராத்திரியில் விரலை எலி கடிப்பதுகூடத் தெரியாமல் தூங்குகிறார்கள் என்று கண்டுபிடித்து, நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்களாம்! வேலூரிலும் பக்கத்துக் காரிகிரியிலும் அழுத்தத்தைத் தாங்கும் மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்புகள் உருவானது இந்தப் புரிதலில்தான். 1966-ல் அமெரிக்கா போன பிராண்ட், சர்க்கரை நோயாளிகளின் பாதத்திலும் அதே கதையைப் பார்த்தார். தொழுநோய்ப் புண்ணுக்குப் போட்ட மாவுக்கட்டு சர்க்கரைப் புண்ணுக்கும் வந்தது. அந்தக் கட்டு முறையின் ஆரம்பமும் நம் பக்கம்தான்: 1930-களில் இலங்கையில் மில்ராய் பால் என்ற சர்ஜன் இதைக் கையாண்டிருக்கிறார்.

மாவுக்கட்டா? எலும்பே முறியலையே!

பெரியப்பாவும் இதையேதான் கேட்டார். முழங்காலுக்குக் கீழிருந்து பாதம் வரை, காலோடு ஒட்டினாற்போல் அச்சாக வார்த்த கட்டு இது. நடக்கும்போது புண்ணின் மேல் விழும் பாரத்தைப் பாதம் முழுக்கவும் கணுக்காலுக்கு மேலும் பரப்பிவிடும். வாரத்துக்கு ஒருமுறை பிரித்து, பார்த்து, மறுபடி போடுவார்கள். கழற்ற முடியாது என்பதுதான் இதன் மகிமை!

2001-ல் அமெரிக்காவில் 63 பேரை மூன்று பிரிவாக்கிப் பார்த்தார்கள். 12 வாரத்தில் மாவுக்கட்டுப் போட்டவர்களில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 90 பேருக்குப் புண் மூடியது. கழற்றி மாட்டும் பூட்ஸில் 65, பாதிச் செருப்பில் 58. கழற்றும் பூட்ஸ் ஏன் பின்தங்கியது? 2003-ல் அதே ஆய்வாளர்கள் பூட்ஸுக்குள் நோயாளிக்குத் தெரியாமல் அடி எண்ணும் கருவியை ஒளித்து வைத்தார்கள். அன்றாடம் வைத்த அடிகளில் நூற்றுக்கு 28 மட்டுமே பூட்ஸோடு! மற்றதெல்லாம் "பாத்ரூம் வரைக்கும்தானே", "அடுப்படி வரைக்கும்தானே". நம் வீட்டிலும் கேட்கிற வசனம்தான்.

எந்தக் களிம்புக்கும் கட்டுக்கும் இல்லாத பலன் இது. ஆனாலும் நாம் கடையில் கேட்பது களிம்பைத்தான். பாரத்தை எடுப்பது மருந்து மாதிரித் தெரியாததே காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் எடுத்தவுடன் இந்தக் கட்டைப் போட்டுவிட முடியாது. புண்ணில் சீழும் தொற்றும் இருந்தால், அல்லது காலுக்கு ரத்த ஓட்டம் மோசமாக இருந்தால், மூடிய கட்டு ஆபத்து. பழகிய கைதான் போட வேண்டும். இல்லாவிட்டால் கட்டே புதுப்புண்ணை உண்டாக்கும். எலும்புக்குக் கட்டுப் போடுகிற நாட்டு வைத்தியரிடம் போய் "ஒரு கட்டுப் போடுங்க" என்று நிற்க வேண்டாம். வசதி இல்லாத இடத்தில் தடித்த ஃபெல்ட் பட்டையைப் புண்ணைச் சுற்றிப் பொருந்துமாறு வெட்டி ஒட்டி, தகுந்த செருப்போடு பாரத்தைக் குறைக்கும் எளிய வழியும் உண்டு. டாக்டரிடம் கேளுங்கள்.

பெரியப்பாவின் காலில் முதலில் செய்தது வேறு. கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிட்டார்கள். ரத்த ஓட்டம் பரவாயில்லை. இது குறைவாக இருந்திருந்தால் அடைப்பை பலூன் வைத்தோ பைபாஸ் செய்தோ சரிசெய்யாமல் எந்தக் கட்டும் பலிக்காது. புண்ணுக்குள் மழுங்கிய கம்பி விட்டபோது எலும்பு தட்டுப்பட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு அரித்திருந்தது. விரலை எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள்.

பெரியப்பா அன்று ராத்திரி பேசவில்லை. விடியற்காலை பெரியம்மாவிடம் மட்டும், "கம்பியைப் பிடுங்கின அன்னிக்கே வந்திருக்கலாம்ல?" என்றாராம்.

உறிஞ்சும் கட்டு, ஆக்சிஜன் அறை, வளர்ச்சி ஜெல்

விரலை எடுத்த இடத்தில் பெரிய குழி. அதற்கு வாக்யூம் கட்டுப் போட்டார்கள். ஸ்பான்ஞ்சைப் புண்ணுக்குள் வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி, குழாய் வழியே ஒரு மெஷின் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றினால் போதும். பாதத்தில் ஒரு பகுதியை எடுத்த 162 பேரிடம் 2005-ல் நடந்த ஆய்வில், 16 வாரத்தில் இந்தக் கட்டால் நூற்றுக்கு 56 பேருக்கும், சாதாரண ஈரக்கட்டால் 39 பேருக்கும் ஆறியது. ஆக, ஆபரேஷன் செய்த புண்ணுக்கு இது நல்ல துணை. ஆனால் ஆபரேஷன் இல்லாத உள்ளங்கால் புண்ணுக்கு இதைப் போடச் சொல்லி வழிகாட்டுதல் இல்லை. சிலர் அதற்கும் போட்டு ஆயிரக்கணக்கில் கட்டுகிறார்கள். "எனக்கு இது எதுக்கு டாக்டர்?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

வளர்ச்சி ஜெல்கள் கடையில் கிடைக்கின்றன. விலை அதிகம், வழக்கமாகப் போடும்படி நிபுணர் குழு சொல்லவில்லை. ஆக்சிஜன் அழுத்த அறை, ரத்த ஓட்டக் குறைவால் ஆறாத புண்ணில், மற்றதெல்லாம் தோற்ற பிறகு யோசிக்க வேண்டியது. தேனியில் இருந்துகொண்டு தினமும் அதற்காகப் பெரிய நகரம் போய்வருவது எத்தனை குடும்பத்துக்கு முடியும்? ஆன்டிபயாடிக் மாத்திரை விஷயத்திலும் ஒரு வார்த்தை. சிவப்பு, வீக்கம், சூடு, சீழ் என்று தொற்றுக்கு அடையாளம் இருந்தால்தான் அது. தொற்று இல்லாத புண்ணை மாத்திரை சீக்கிரம் ஆற்றாது.

கத்தி வைத்தியம் ஒன்று இருக்கிறது. அது பழசு, மலிவு. புண்ணைச் சுற்றி வளரும் காய்ப்பையும் செத்த தசையையும் ஒவ்வொரு தடவையும் டாக்டர் கத்தியால் சீவி எடுப்பது. மருந்து எதுவானாலும் இது இல்லாமல் முடியாது. காலில் கல் மாதிரி இருக்கும் காய்ப்பே உள்ளே அழுத்தும். பிளேடு எடுத்து வீட்டில் நீங்களே சீவாதீர்கள், ஆணி பிளாஸ்திரியும் ஒட்டாதீர்கள். அந்தப் பிளாஸ்திரியில் இருக்கும் அமிலத்துக்கு எது காய்ப்பு, எது நல்ல தோல் என்று தெரியாது.

எவ்வளவு நாள் பொறுக்கலாம்?

சர்க்கரைக்காரர் காலில் கொப்புளமோ புண்ணோ வந்தால் அன்றோ மறுநாளோ டாக்டரிடம் காட்டுங்கள். ஜுரம், கெட்ட வாடை, கறுப்பு நிறம், காலில் ஏறும் சிவப்பு இருந்தால் விடியும் வரைகூடக் காத்திருக்கக் கூடாது. சிகிச்சை ஆரம்பித்த பிறகு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாலு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லையா? களிம்பை மாற்றாதீர்கள், ஏன் குறையவில்லை என்று தேடச் சொல்லுங்கள். ரத்த ஓட்டமா, எலும்பில் தொற்றா, நடையா? வாரம் ஒருமுறை புண்ணின் மேல் சுத்தமான பிளாஸ்டிக் தாளை வைத்து ஓரத்தை வரைந்து வைத்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். இப்போது செல்போனில் போட்டோ எடுத்தாலும் சரி, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடுங்கள்.

நம் மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆரம்பித்து, கம்பம் அரசு மருத்துவமனை, பெரியகுளம் தலைமை மருத்துவமனை, க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று படிப்படியாக வசதி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பாதம் பாதுகாப்போம் என்ற அரசுத் திட்டமும் வந்திருக்கிறது. மாத்திரை வாங்கும்போது செருப்பைக் கழற்றிப் பாதத்தை நீட்டுங்கள். "இதையும் பாருங்க" என்று கேளுங்கள். நைலான் இழையை வைத்து அழுத்திச் சுரணை இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிஷம் ஆகாது. வருஷத்துக்கு ஒருமுறையாவது இதைச் செய்துகொள்ள வேண்டும்.

இனி பெரியப்பா கதை. குழி மேடாகி, தொற்று அடங்கி, மிச்சப் புண்ணுக்கு மாவுக்கட்டு. ஏழு வாரம். "கொலாஜன் போட்டப்ப கண்டுக்காத ஊரு, மாவுக்கட்டைப் பார்த்துட்டு 'எங்கண்ணே விழுந்தீங்க'ன்னு ஆரஞ்சுப் பழத்தோட வருது" என்று அவரே சிரித்தார். 2019 பங்குனியில் புண் மூடியது.

மூடியதோடு முடியவில்லை. ஒரு தடவை ஆறியவர்களில் பத்துக்கு நாலு பேருக்கு ஒரு வருஷத்துக்குள் மறுபடி வருகிறது என்பது கணக்கு. எம்.சி.ஆர். செருப்பு வீட்டுக்குள் ஒன்று, வெளியே ஒன்று. தோட்டத்துக்கு மூடிய ஷூ; போடும் முன் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டவேண்டும். முதல் நாள் "வீட்டுக்குள்ள செருப்பா, லட்சுமி இருக்கிற வீடு" என்று பெரியப்பா தயங்கினார். "சாமியறை வாசல்ல கழட்டிக்கலாம், போடுங்க" என்று பெரியம்மா முடித்துவிட்டார்.

தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பெரியம்மா டார்ச் லைட்டோடு வருவார். பெரியப்பா காலை நீட்டுவார். விரல் இடுக்கு, குதிகால், உள்ளங்கால். பெரியம்மாவுக்கும் கண் மங்கல், கண்ணாடி போட்டுக்கொள்வார். ஏழெட்டு மாசம் ஒன்றும் இல்லை. ஒரு கார்த்திகை ராத்திரி, பெருவிரலுக்கு அடியில் மிளகளவு சிவப்பு. தொட்டுப் பார்த்தால் மற்ற இடத்தைவிடச் சூடு.

"வலிக்குதாங்க?"

"இல்ல."

"அப்பச் சரி, காலையில முதல் பஸ்ஸுக்குக் கிளம்புங்க. தண்ணி திருப்ப நான் ஆள் சொல்லிட்டேன்."